அரவை மில் வைத்திருக்கும் வணிகர்களுக்கு: தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்குமுன்

மளிகைக் கடையின் பின்கட்டிலோ, வீட்டை ஒட்டிய அறையிலோ மாவு மில்லும் மிளகாய் அரைக்கும் மிஷினும் போட்டு நடத்தும் அங்கத்தினர்கள் நமது திருவண்ணாமலையில் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம், கார்த்திகையில் தீபத் திருவிழா, அதையொட்டி அன்னதானம் என்று வரும்போது மிளகாய்த்தூளும் சாம்பார்பொடியும் அரிசிமாவும் மூட்டைக் கணக்கில் போகின்றன. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி, ஜவ்வாது மலைச் சாமை முதலிய சிறுதானியங்களை அரைத்துச் சத்துமாவு விற்பதும் ஒரு வியாபாரமாகிவிட்டது. மில் ஓடும் நேரம் கூடக் கூடத் தூசியும் கூடுகிறது. மில்லுக்கு மேல்மாடியில்தான் குடும்பம் இருக்கிறது; பக்கத்திலேயே கடை. பொருள் வாங்க வந்தவர் தும்மிக்கொண்டே போகிறார்.

இதற்கு மருந்தாக "டஸ்ட் கலெக்டர்" என்ற தூசி உறிஞ்சும் இயந்திரத்தை இயந்திர வியாபாரிகள் காட்டுகிறார்கள். சென்னை ஜார்ஜ் டவுனிலோ கோயம்புத்தூரிலோ விசாரித்தால் முதலில் காட்டுவது பெரும்பாலும் தச்சுப் பட்டறைக்கென்று செய்த இயந்திரமாக இருக்கும். ஒரு மோட்டார், ஒரு விசிறி, மேலே ஒரு துணிப் பை, கீழே தூள் சேர ஒரு பை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் சேர்த்தது. தச்சு வேலை செய்வோருக்கு இந்த இயந்திரம் எவ்வளவு அவசியம் என்பதை அதிலிருந்தே அறியலாம். இழைப்புச் சுருளுக்கும் ரம்பத்தூளுக்கும் அது நல்ல இயந்திரம்தான். ஆனால் அதை அப்படியே வாங்கி வந்து மாவு மில்லில் மாட்டலாமா என்பதே நாம் யோசிக்க வேண்டிய கேள்வி. சில மாற்றங்கள் செய்தால் மாட்டலாம். செய்யாமல் மாட்டினால் காசும் போகும், ஆபத்தும் வரும்.

தூசியால் உண்மையில் என்ன கெடுதல்?

மிளகாய் நெடி அடித்தால் எல்லோரும் இருமுகிறோம். ஆகவே மிளகாய்தான் கெடுதல், அரிசிமாவும் கோதுமை மாவும் சாது என்று நினைப்பவர்கள் உண்டு. மிளகாய் தன் வரவைச் சொல்லிவிட்டு வருகிறது. மாவு சொல்லாமல் வருகிறது. ரொட்டி சுடுவோரும் மாவு அரைப்போரும் மாவுத் தூசியால் இருமலும் மூச்சுத் திணறலும் கொள்வதைப் பற்றி இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸினி 1700ஆம் ஆண்டிலேயே தமது நூலில் எழுதினார். இன்று இதை மாவினால் வரும் ஆஸ்துமா என்று வைத்தியர்கள் தனியாகவே பெயரிட்டுச் சொல்கிறார்கள். பல வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பிறகு பிடிக்கும். பிடித்துவிட்டால் அதன் பின் கொஞ்சம் தூசியே போதும், இழுப்பு வந்துவிடும். இருபது வருஷமாக மில்லில் நிற்கும் ஆள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வது அதனால் ஆதாரமாகாது.

அளவைச் சொன்னால் விளங்கும். எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராம் மாவுத் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று பிரிட்டனில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பு சொல்வது இன்னும் கண்டிப்பு, அரை மில்லிகிராம்தான். நமது மில் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 34 கன மீட்டர். பிரிட்டன் கணக்குப்படி அந்த அறை முழுவதற்கும் சேர்த்து 340 மில்லிகிராம். அதாவது ஒரு சிட்டிகை மாவு! அதைவிட நமது மில் அறைகளில் எவ்வளவு மிதக்கிறது என்பதைச் சுவிட்சுப் பெட்டியின் மேல் விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும். மேலும், வெயில் கீற்றில் மினுமினுப்பது பெரிய தூசி. நுரையீரலின் அடி வரை போகும் தூசி பத்து மைக்ரானுக்குக் குறைந்தது. தலைமயிரின் பருமன் ஐம்பது, அறுபது மைக்ரான் என்றால் அது எவ்வளவு சிறியது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது மில் நின்ற பிறகும் நெடுநேரம் காற்றில் நிற்கும். மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு அதைத் தடுக்காது.

அடுத்தது நெருப்பு. மாவு வெடிக்குமா என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1785 டிசம்பரில் இத்தாலியின் துரின் நகரில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கில் விளக்குச் சுடரிலிருந்து மாவுத் தூசி வெடித்தது. 1878 மே 2ஆம் தேதி அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் என்ற பெரிய மாவு மில் வெடித்துப் பக்கத்து மில்களையும் சேர்த்து அழித்தது; 18 பேர் இறந்தார்கள். அதை மறுபடி கட்டும்போதுதான் தூசியை உறிஞ்சி எடுக்கும் அமைப்பை அங்கே பொருத்தினார்கள். 2008இல் அதே நாட்டில் ஜார்ஜியா மாநிலத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் மாண்டார்கள். மாவுக்கு ஏறக்குறைய கன மீட்டருக்கு 50 கிராம் காற்றில் கலந்திருந்தால் வெடிக்கும் நிலை வந்துவிடும். அறை முழுக்க அந்த நிலை சாதாரணமாக வருவதில்லை. ஆனால் குழாய்க்குள்ளும் தூசி சேரும் பைக்குள்ளும் சுலபமாக வரும். அதாவது தூசி உறிஞ்சும் இயந்திரம் ஆபத்தை அறையிலிருந்து எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்கிறது. எந்த இயந்திரம், அதை எங்கே வைப்பது என்ற இரண்டும் இதனால்தான் முக்கியமாகின்றன.

முதலில் செலவில்லாத வேலை

இயந்திரத்துக்குப் பணம் எடுப்பதற்கு முன் இருக்கும் மிஷினைப் பாருங்கள். பல்வரைசர் மிஷின் தானே ஒரு விசிறி மாதிரி வேலை செய்கிறது. சரக்கோடு காற்றையும் உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியேறத்தான் தூள் விழும் வாயில் நீளமான துணிக் குழாய் கட்டுகிறோம். அந்தத் துணி எண்ணெய்ப் பிசுக்கேறி அடைத்துக்கொண்டால் காற்று போக வழியில்லாமல் மூடி, கதவு, போல்ட் சந்து எல்லாவற்றின் வழியாகவும் தூசியைப் பீச்சி அடிக்கும். மிளகாய் அரைக்கும் மிஷினில் இது சீக்கிரம் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். துணியை மாற்றி, இரண்டு செட் வைத்துக்கொண்டு துவைத்துக் காயவைத்து மாற்றி மாற்றிக் கட்டுங்கள். நீளத்தையும் ஒன்றரைப் பங்காக்குங்கள். மூடிகளுக்கு ரப்பர் வைத்து இறுக்குங்கள். தூசியில் ஒரு நல்ல பங்கு இந்தச் சின்னச் செலவிலேயே குறைந்துவிடும். இதைச் செய்யாமல் பெரிய இயந்திரம் வாங்குவது ஓட்டைக் குடத்துக்கு அடியில் அண்டா வைப்பது போலத்தான்.

குதிரைசக்தியைக் கேட்காதீர்கள், காற்றைக் கேளுங்கள்

வியாபாரி முதலில் "ஒரு எச்.பி., இரண்டு எச்.பி." என்பார். அது மோட்டாரின் பலம். நமக்கு வேண்டியது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கிறது என்பது. இதைச் சி.எப்.எம். என்பார்கள். தூசி குழாய்க்குள் படியாமல் ஓட வேண்டுமானால் காற்று நிமிஷத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி வேகத்தில் போக வேண்டும். நாலு அங்குலக் குழாயில் இந்த வேகத்துக்கு 350 சி.எப்.எம். தேவை. ஐந்து அங்குலமானால் சுமார் 545, ஆறு அங்குலமானால் சுமார் 785. பெரிய குழாய் போட்டால் நன்றாக இழுக்கும் என்று எண்ணிச் சிறிய இயந்திரத்துக்கு ஆறு அங்குலக் குழாய் போடுவோருக்கு வேகம் விழுந்து குழாய்க்குள்ளேயே மாவு படிந்துவிடும். படிந்த மாவில் பூச்சி வைக்கும். நெருப்பு வந்தால் அது திரி மாதிரி ஆகும்.

அட்டையில் போட்டிருக்கும் சி.எப்.எம். குழாயும் பையும் மாட்டாமல் அளந்ததாக இருக்கலாம். மாட்டிய பிறகு பாதியாகக்கூடக் குறையும். ஆகவே 350 வேண்டுமானால் அட்டையில் 700க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். நெளிவுக் குழாயைத் தேவைக்கு மேல் நீட்டினாலும் குழாயைச் செங்குத்தாக மடித்தாலும் காற்று குறையும். இயந்திரம் மில்லுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஒரே சமயத்தில் ஒரு மிஷின் மட்டும் ஓடும் கடைக்கு இரண்டு எச்.பி. இயந்திரம் ஒன்று போதுமானது. ஒவ்வொரு கிளைக் குழாயிலும் ஒரு தகட்டு ஷட்டர் வைத்து, ஓடாத பக்கத்தை மூடிவிட வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். ஊதும் காற்று வெகுதூரம் போகும். உறிஞ்சும் காற்று அப்படியல்ல. குழாய் வாயிலிருந்து அதன் குறுக்களவு தூரம் தள்ளிப் போனாலே இழுப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். நாலு அங்குலக் குழாயைத் தூசி கிளம்பும் இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு "இயந்திரம் இழுக்கவில்லை" என்று வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சரக்குக் கொட்டும் தொட்டியின் மேலும், தூள் விழும் டின்னைச் சுற்றியும், சல்லடையின் மேலும் தகட்டில் மூடாக்குச் செய்து, அந்த மூடாக்கிலிருந்து குழாயை எடுக்க வேண்டும். நமது ஊர்த் தகர வேலைக்காரர்கள் செய்யக்கூடிய வேலைதான். ஆள் கை நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு இருக்கட்டும். இழுக்கிறதா என்று பார்க்க மெல்லிய காகிதத் துண்டைத் திறப்பில் பிடித்துப் பாருங்கள். ஊதுபத்திப் புகை காட்டிப் பார்ப்பது தச்சுப் பட்டறைக்கு வந்தவர் சொல்லும் வழி. மாவு மில்லில் அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

பைதான் இயந்திரம்

என் அபிப்பிராயத்தில் மோட்டாரை விடப் பைக்குத்தான் அதிகக் காசு கொடுக்க வேண்டும். தச்சு இயந்திரத்தோடு வரும் பை மரச் சுருளைப் பிடிக்கும். மாவின் நுண்தூசியை அந்தத் துணி வழியாக அறைக்கே திருப்பி அனுப்பும். பெரிய தூளைப் பையில் வைத்துக்கொண்டு, கெடுதல் செய்யும் சிறு தூளை மட்டும் காற்றில் பரப்பும் ஏற்பாடு அது. அறை சுத்தமாகத் தெரியும். நெஞ்சுக்கு ஒரு லாபமும் இராது.

துணி எத்தனை மைக்ரான் வரை பிடிக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு மைக்ரான் என்று சொல்லும் பாலியஸ்டர் கம்பளத் துணி கிடைக்கிறது. மின்சாரம் தேங்காத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, துணியின் பரப்பு. மர வேலைக்கே ஒரு சதுர அடித் துணிக்கு 10 சி.எப்.எம்.முக்கு மேல் தள்ளக் கூடாது. மாவுக்கு அதில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது அங்குலக் குறுக்களவும் முப்பத்திரண்டு அங்குல உயரமும் உள்ள பைக்குப் பரப்பு 14 சதுர அடிதான். 350 சி.எப்.எம்.முக்கு நமக்கு வேண்டியது 70 சதுர அடி. ஆகவே இரட்டைப் பை இயந்திரம் வாங்கி, இரண்டு பையையும் ஆறரை அடி உயரத்துக்குத் தைக்கச் சொல்லுங்கள். கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். தினமும் மில்லை நிறுத்தி, விசிறி நின்ற பிறகு பையை உதறிவிட வேண்டும். ஓடும்போது உதறினால் தூசி துணிக்குள் இன்னும் ஆழமாக ஏறும்.

இனி ஆபத்தான இடத்துக்கு வருவோம். சாதாரணத் தச்சு இயந்திரத்தில் உறிஞ்சியது எல்லாம் விசிறி இறக்கையின் வழியாகப் போய்த்தான் பையில் விழும். மிளகாய் மூட்டையில் ஆணி, கம்பித் துண்டு, கல் எல்லாம் வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆணி இறக்கையில் மோதினால் பொறி. பொறிக்கு அடுத்த இடம் மாவுத் தூசி நிறைந்த பை. எனவே விசிறிக்கு முன்னால் ஒரு சைக்ளோன் வைத்து, பெருந்தூளையும் கனமான பொருளையும் அதிலேயே விழச் செய்ய வேண்டும். சைக்ளோன் நுண்தூசியைப் பிடிக்காது. அதற்குப் பை வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் முழு இயந்திரம். சரக்குக் கொட்டும் தொட்டியில் நல்ல காந்தம் வையுங்கள். தினம் அதைத் துடைத்தெடுங்கள். விசிறி இறக்கை அலுமினியமாக இருக்கட்டும். மோட்டார் முழுவதும் மூடிய ரகமாக இருக்க வேண்டும். குழாய்க்குச் சிக்கனம் பார்த்துப் பி.வி.சி. போடாதீர்கள், தூசி உரசி ஓடும்போது அதில் மின்சாரம் தேங்கும். ஜி.ஐ. தகட்டுக் குழாய் போட்டு, இணைப்புக்கு இணைப்புக் கம்பி வைத்து எர்த் கொடுங்கள்.

பைகளை அறைக்குள்ளும் மாடிப்படிக்குக் கீழும் வைக்க வேண்டாம். வெளியே, கூரை போட்ட திறந்த இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் வையுங்கள். சேரும் தூளை இரவு தங்கவிடாமல் அன்றன்றே அள்ளிவிடுங்கள். மிளகாய் அரைப்பவர்கள் வெளிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாட வீதிகளை ஒட்டிய நெருக்கமான தெருக்களில் நமது நெடி அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போனால் சண்டை நிச்சயம்.

வீட்டில் பயன்படும் வாக்குவம் கிளீனரை வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டே இருக்கும். மாவுக்கு அது ஆகாது. அதேபோல் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதித் தள்ளும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். உத்தரத்தில் படிந்து கிடந்ததை நாமே காற்றில் கலப்பதாகிறது. ஒரு மில்லிமீட்டர் கனம் படிந்தாலே துடைத்தெடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணிதான் சரி.

மில் அறையில் சாமி படத்துக்கு விளக்கும், வெள்ளிக்கிழமை கற்பூரமும் ஏற்றும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. படத்தை முன்கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிடலாம். ஆயுத பூஜை அன்று மில்லை முதல் நாளே நிறுத்தி, துடைத்துக் கழுவிய பிறகு கற்பூரம் காட்டலாம். பீடி, சிகரெட்டுக்கு மட்டும் மில் அறையில் எந்த நாளும் இடமில்லை.

பிடித்த தூளை என்ன செய்வது?

நமது தொழிலில் இதுதான் சோதனை. மிளகாய் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு அரைக் கிலோ தூள் பையில் சேர்ந்தால் நூறு ரூபாய். மாதத்துக்கு மூவாயிரம். "நம்ம சரக்குத்தானே, அடுத்த ஈட்டில் கலந்துவிட்டால் என்ன?" என்று தோன்றும். மிஷினின் வாயில் கட்டிய துணிக் குழாயில் நிற்பது சரக்கு, அதை எடுத்துக்கொள்ளலாம். அறைக் காற்றிலிருந்து உறிஞ்சி, குழாயில் ஓடி, பையில் சேர்ந்தது சரக்கல்ல, குப்பை. அதில் நேற்றைய மஞ்சளும் முந்தாநாள் கோதுமையும் செருப்பு மண்ணும் இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் நமது மிளகாய்த்தூளை வாங்கிப் போகலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006ஆம் ஆண்டு வந்தது. அதன் கீழ் 2011இல் வந்த உரிம விதிகளின் நான்காம் அட்டவணை சுத்தத்தைப் பற்றியே பேசுகிறது. ஆய்வாளர் வரும் நாளில் பை குப்பைக் கணக்கில் இருந்தால் நமக்கு மரியாதை. மூட்டைக் கணக்கில் இருந்தால் வழக்கு.

இயலுமானால் மிளகாய்க்கும் மாவுக்கும் தனித்தனி இயந்திரம், குறைந்தபட்சம் தனித்தனிப் பைகள் வைத்துக்கொள்ளுங்கள். இடியாப்ப மாவில் காரம் ஏறினால் வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்.

செலவுக் கணக்கில் மின்சாரம் பெரிதல்ல. இரண்டு எச்.பி. மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்பது யூனிட். ஆனால் இருக்கும் மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவுக்குள் இது அடங்குகிறதா என்று வாங்குமுன்பே பாருங்கள். வருஷத்துக்கு ஒரு செட் பை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாபாரி அதே அளவுப் பை எப்போதும் தருவாரா என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

சிறு உணவுத் தொழில்களுக்காக 2020இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி திட்டத்தில், வங்கிக் கடனோடு சேர்த்து இயந்திரச் செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று வைத்தார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். மில் மிஷினுக்கு விண்ணப்பிக்கும்போதே தூசி உறிஞ்சும் அமைப்பு, மூடாக்கு, குழாய், எர்த் வேலை எல்லாவற்றையும் ஒரே விலைப்புள்ளியில் கேட்டு வாங்குங்கள். மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டு, அதில் சி.எப்.எம்., பையின் சதுர அடி, துணியின் மைக்ரான் ஆகிய மூன்றையும் எழுதித் தராதவரை ஒதுக்கிவிடுங்கள்.